சிஎன்சி மெசினில் அச்சு மோட்டர் ஓவர்லோட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் போய்வருகிற யாழ்ப்பாணப் பட்டறைகளில் சிஎன்சி, அதாவது கணினி ஓட்டுகிற வெட்டு மெசின், என்றால் இரண்டு சாதிதான். ஒன்று கதவு, நிலை, சாமியறைப் பலகை என்று மரம் செதுக்குகிற சீன றவுட்டர். மற்றது யப்பானில் இருபது வருசம் உழைத்துவிட்டு, கொழும்பில் கப்பலால் இறங்கி, லொறியில் ஏ9 வீதியால் வந்து சேர்ந்த லேத் அல்லது மில்லிங் மெசின். மேசையோ தலையோ நகர்கிற ஒவ்வொரு திசையும் ஒரு அச்சு: எக்ஸ், வை, இசட். இரண்டுக்கும் பொதுவான ஒரு வியாதி இருக்கிறது, அச்சை இழுக்கிற மோட்டர் ஓவர்லோட் என்று நிற்பது. காலமை எட்டு மணிக்கு முன்னமே போன் வரும்: "அண்ணை, எக்ஸ் ஓவர்லோட் அடிக்குது, நேற்றும் அடிச்சது, ரீசெட் பண்ணி ஓட்டினம், இப்ப ஓடுதில்லை." கேட்கிற கேள்விகளும் அனேகமாக ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஓவர்லோட் என்று மெசின் சொல்வது எதை?

மோட்டருக்குள் போன கரண்ட் கூடிவிட்டது, அல்லது கூடுதலான கரண்ட் கூடுதலான நேரம் போய்விட்டது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஏன் கூடியது என்று ட்ரைவுக்கு, அதாவது மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டிக்கு, தெரியாது. ஆகவே திரையில் எக்ஸ் ஓவர்லோட் என்று வந்தால் எக்ஸ் மோட்டர் பழுது என்று அர்த்தம் இல்லை. மோட்டர் பாவம், யாரோ ஏற்றிய பாரத்தை இழுத்துக்கொண்டு கத்துகிறது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை விளங்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை விளங்கும். மோட்டரில் உண்டாகிற சூடு கரண்டின் இருமடிக்கு ஏற்பக் கூடும். கரண்ட் ஒன்றரை மடங்கானால் சூடு 2.25 மடங்கு, இரண்டு மடங்கானால் நாலு மடங்கு. ட்ரைவ் இந்தக் கணக்கை உள்ளே ஓயாமல் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும், எல்லை தாண்டியதும் நிறுத்தும். அதாவது பல மெசின்களில் இது தெர்மோமீற்றர் வைத்து அளந்த சூடு இல்லை, கணக்குப் போட்டு ஊகித்த சூடு. மோட்டரைத் தொட்டுப் பார்த்தால் பச்சைத் தண்ணி மாதிரி இருக்கும், அலாரம் மட்டும் வரும். அதற்காக அலாரம் பொய் சொல்கிறது என்று எடுக்க வேண்டாம், சில செக்கனில் மிகப் பெரிய கரண்ட் போயிருந்தாலும் இப்படித்தான்.

திரையில் வருகிற இலக்கம் முக்கியமா?

மிக முக்கியம். "ஓவர்லோட்" என்று மட்டும் போனில் சொன்னால் நான் உடனே இலக்கத்தைத்தான் கேட்பேன். ஃபனக் கம்பனியின் கன்ட்ரோலரில், அதாவது மெசினின் மூளையில், 430 வந்தால் மோட்டரின் உள்ளே இருக்கிற வெப்ப உணரியே சூடு என்று சொல்லியிருக்கிறது. 436 வந்தால் அது நான் மேலே சொன்ன கணக்குச் சூடு. மோட்டர் குளிர்ந்திருக்க 430 வருகிறதென்றால் உணரி, அதன் வயர், என்கோடர் (மோட்டர் எவ்வளவு சுற்றியது என்று சொல்கிற கருவி) பக்கம் சந்தேகப்படுங்கள். பழைய ஃபனக்கில் வெறும் 400 என்று போட்டு எந்த அச்சு என்று மட்டும் சொல்லும். 410, 411 ஓவர்லோட் இல்லை, போகச் சொன்ன இடத்துக்கும் போன இடத்துக்கும் இடைவெளி கூடிவிட்டது என்பது, ஆனால் பல நேரம் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

மிட்சுபிசி ட்ரைவில் 50 என்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த பாரம். 51 என்றால் உச்சக் கரண்ட் தொடர்ந்து போயிருக்கிறது, எங்கேயோ போய் முட்டியதுபோல. யஸ்காவாவில் 710 திடீர்ப் பாரம், 720 தொடர் பாரம். றவுட்டர்களில் வருகிற டெல்டா ட்ரைவில் 006 என்றால் ஓவர்லோட். திடீரா, தொடரா என்று பிரித்துச் சொல்கிற ட்ரைவ் கிடைத்தால் அது கொடுத்துவைத்த வேலை.

சரி, முதலில் எதைப் பார்ப்பது?

ஸ்பனர் எடுக்க முன் ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடியுங்கள்: எப்ப வருகிறது? இதை நான் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன், அனேகம் பேர் "சும்மா வருகுது" என்பார்கள். சும்மா ஒரு அலாரமும் வராது.

மெசினைப் போட்டு சேர்வோ பிடித்த, அதாவது மோட்டர் அச்சை இறுக்கிப் பிடித்த, சில செக்கனுக்குள் வந்தால் பிரேக் விடவில்லை, அல்லது மோட்டர் வயரில் ஒரு பேஸ் இல்லை, அல்லது யாரோ கேபிளைக் கழற்றி மாறிக் கொழுவியிருக்கிறார்கள், அல்லது அச்சு எங்கேயோ இறுகிப்போய் நிற்கிறது. ஓட வெளிக்கிடும் போதும் நிற்கும் போதும் மட்டும் வந்தால் வேகம் கூட்டுகிற நேரம் குறைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அல்லது தூக்குகிற பாரம் மோட்டருக்கு மிஞ்சியது. அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் ஓடிய பிறகு வந்தால் அது சேர்ந்த சூடு: உராய்வு, மழுங்கிய கட்டர், ஓய்வில்லாத புரோகிராம். ஒரே இடத்தில், உதாரணமாக மேசையின் இடது பக்கம் 300 மில்லிமீற்றருக்குப் போகும் போதெல்லாம் வந்தால், அந்த இடத்தில் அச்சை நகர்த்துகிற நீள ஸ்க்ரூவில் காயம் இருக்கலாம், தகட்டு மூடி பிடிக்கலாம், கேபிள் செயினுக்குள் வயர் அந்த வளைவில் விடுபடலாம். காலமை மட்டும் வந்து பிறகு நல்லபிள்ளையாக ஓடினால் ஒயிலும் ஈரமும். அசையாமல் நிற்கும் போதே வந்தால், அதுதான் எனக்குப் பிடித்த வகை, அதற்கு இசட் அச்சும் இரட்டை மோட்டரும் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஒரு கொப்பித் தாளில் நேரம், அச்சு நின்ற இடம், அப்போது ஓடிய வரி, இந்த மூன்றையும் நாலு தரம் எழுதினாலே போதும். நாலாவது தரம் எழுதும்போது நீங்களே காரணத்தைச் சொல்லிவிடுவீர்கள்.

ரீசெட் அடித்து ஓட்டினால் ஓடுகிறதே, அப்படியே சமாளிக்கலாமா?

வேண்டாம். சில ட்ரைவ்களில் மெயின் கரண்டை நிறுத்திப் போட்டால் அந்தக் கூட்டல் கணக்கு அழிந்து பூச்சியத்தில் இருந்து தொடங்கும். ஆனால் மோட்டருக்குள் இருக்கிற சூடு அழியாது. ஐந்து தரம் நிறுத்திப் போட்டு ஓட்டினால் ட்ரைவ் ஒவ்வொரு தரமும் மோட்டர் குளிர்ந்திருக்கிறது என்று நம்பும், சுருள் எரியும். அலாரம் வந்தால் ஒரு அரை மணித்தியாலம் விடுங்கள். மெயினை நிறுத்தாமல் விட்டால் ட்ரைவின் காற்றாடி சுற்றிக்கொண்டிருக்கும், அதுவும் நல்லது.

மோட்டர் சூடு கூடவா குறையவா என்று எப்படிச் சொல்வது?

சேர்வோ மோட்டர் சுடும், அது குற்றமில்லை. கையை வைத்து இரண்டு மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்க முடியாவிட்டால் வெளி உடம்பு ஏறத்தாழ 60 பாகை. கடுமையாக வேலைசெய்யும் மோட்டரில் இது வழமை. அதைவிட மேலே போனால், அல்லது பக்கத்து அச்சு மோட்டர் குளிர்ந்திருக்க இது மட்டும் கொதித்தால் யோசியுங்கள். கொரோனா காலத்தில் எல்லாரும் வாங்கிய நெற்றியில் பிடிக்கிற கருவியைக் கொண்டுவந்து பிடிக்கிறார்கள், அது மனிதக் காய்ச்சல் அளக்க 42, 43 பாகை மட்டும் காட்டுகிற சாமான், இதற்கு உதவாது. தொழிற்சாலைக்கான அகச்சிவப்புத் தெர்மோமீற்றர் வேறு. அதுவும் பளபளக்கிற உலோகத்தில் குறைத்துக் காட்டும், கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதில் பிடியுங்கள்.

பிழை மெக்கானிக்கலா எலக்ட்ரிக்கலா, எப்படிப் பிரிப்பது?

இதுதான் முழு வேலையிலும் பெரிய பிரிவு. நான் கண்ட மட்டில் கூடுதலானவை மெக்கானிக்கல். ஆனால் கூப்பிடுகிறவர்கள் கூடுதலாகக் கேட்பது "ட்ரைவ் மாத்த வேணுமோ" என்று.

முதலாவது, கையால் சுற்றிப் பார்ப்பது. மெயினை நிறுத்தி, ட்ரைவில் இருக்கிற சார்ஜ் லைட் அணையும்வரை நில்லுங்கள், உள்ளே இருக்கிற கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்குக் கிட்ட நேர்மின் இருக்கும், 400 வோல்ட் ட்ரைவ் என்றால் 560 வரை, பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பு. பிறகு மோட்டரையும் ஸ்க்ரூவையும் இணைக்கிற கப்ளிங்கில் பிடித்து ஸ்க்ரூவைச் சுற்றுங்கள். முழு ஓட்டத்துக்கும் ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால் ஒயில், கிப் (சறுக்குகிற தடத்தின் இடைவெளியைச் சரிசெய்கிற பட்டை) இறுக்கம், ஸ்க்ரூவின் முனைப் பெயரிங். ஒரு இடத்தில் மட்டும் இறுகினால் அந்த இடம். சுற்றுக்கு ஒருமுறை இறுகித் தளர்ந்தால் ஸ்க்ரூ வளைந்திருக்கிறது அல்லது கப்ளிங் நேர் இல்லை. கை சொல்கிற இந்த வித்தியாசத்தை ஒரு மீற்றரும் சொல்லாது.

இரண்டாவது, கப்ளிங்கைத் தளர்த்தி மோட்டரை மட்டும் தனியே ஓட்டுவது. இரண்டு பக்கமும் மார்க்கரால் கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் திரும்பப் பூட்டும்போது ஹோம், அதாவது அச்சின் தொடக்க இடம், நகர்ந்துவிடும், பிறகு அந்தக் கவலை வேறு. ஜொக்கில், அதாவது கையால் பட்டனை அமத்தி, மெதுவாக ஓட்டினால் திரையில் லோட் மீற்றர் ஒற்றை இலக்கச் சதவீதத்தில் சும்மா கிடக்க வேண்டும். அப்படி என்றால் மோட்டரும் ட்ரைவும் நல்லம், பிழை ஸ்க்ரூ பக்கம். வெறும் மோட்டரே உறுமிக்கொண்டு 40, 50 சதவீதம் காட்டினால் மோட்டர், கேபிள், ட்ரைவ் மூன்றில் ஒன்று.

இரண்டு எச்சரிக்கை. இசட் போல நிமிர்ந்த அச்சில் கப்ளிங்கைத் தளர்த்தினால் தலை அப்படியே கீழே வரும். கட்டை முட்டுக் கொடுக்காமல் தொடவே வேண்டாம். கை போன ஆளை எனக்குத் தெரியும். மேசையில் தனியாக அளவுகோல் என்கோடர் பூட்டிய மெசினில் இந்தச் சோதனையே செய்யக்கூடாது, மேசை அசையாததைப் பார்த்துவிட்டு மோட்டர் முழு வேகத்தில் பறக்கும்.

எக்ஸ் மோட்டரையும் வை மோட்டரையும் மாற்றிக் கொழுவிப் பார்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே மொடலாக இருந்தால் செய்யலாம், ஆனால் பவர் கேபிளை மாற்றினால் என்கோடர் கேபிளையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால் அதுவும் பறக்கும்.

ஒயில் பம்ப் வேலைசெய்கிறது, தாங்கியில் ஒயிலும் இருக்கிறது. பிறகும் உராய்வா?

தாங்கியில் ஒயில் குறைகிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் அது எங்கேயும் போகவில்லை.

கோண்டாவில் பக்கம் ஒரு பட்டறையில் பழைய யப்பான் லேத். ஒவ்வொரு நாளும் காலமை முதல் பத்து நிமிடத்துக்குள் எக்ஸ் 436. பிறகு நாள் முழுக்க ஒன்றும் இல்லை. நான் போக முன்னமே ஒருவர் வந்து ட்ரைவைக் கழற்றிக் கழுவிப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். பம்ப் அடிக்கிறது, கேஜில் அழுத்தமும் ஏறுகிறது. ஆனால் எக்ஸ் வழுக்கியின், அதாவது அச்சு சறுக்கிப் போகிற தடத்தின், முனையில் குழாயைக் கழற்றினால் ஒரு சொட்டு இல்லை. பங்கீடு செய்கிற சின்ன வால்வு அடைத்துக் கிடந்தது, உள்ளே தேன் மாதிரிக் கட்டி. விசாரித்தால் வே ஒயில் கிடைக்காத காலத்தில் கையில் கிடைத்த என்ஜின் ஒயிலை விட்டிருக்கிறார்கள். வழுக்கிக்கு வேண்டியது 68 தடிப்புள்ள வே ஒயில், அதில் ஒட்டிப் பிடிக்கிற சேர்மானம் இருக்கும். நாலு வால்வும் வடிகட்டியும் மாற்றியதோடு எக்ஸ் லோட் பாதிக்குக் கீழே வந்தது. அந்த அலாரம் அதற்குப் பிறகு வரவில்லை.

றவுட்டரில் இதே கதை கிறீஸாக நடக்கிறது. எம்டிஎஃப் தூளும் கிறீஸும் சேர்ந்தால் மா பிசைந்தது போல ஒரு களி உண்டாகும், வண்டி அதற்குள்ளால் ஊர்ந்து போகிறது. களிக்கு மேலே புதுக் கிறீஸ் அடிப்பது பல் விளக்காமல் வெற்றிலை போடுவது மாதிரி. முதலில் துடைத்துக் கழுவுங்கள்.

இசட் அச்சில் மட்டும் வருகிறது, அதுவும் சும்மா நிற்கும்போது. ஏன்?

நிமிர்ந்த அச்சு நின்றாலும் ஓய்வில் இல்லை. கட்டரைச் சுற்றுகிற ஸ்பிண்டில் மோட்டரின் முழுப் பாரத்தையும் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. ஆகவே இசட் லோட் ஒருக்காலும் பூச்சியம் காட்டாது, அது வழமை. நிற்கும்போது காட்டுகிற சதவீதம் முந்தியைவிடக் கூடிவிட்டதா என்பதுதான் கேள்வி. எதிர்ப்பாரச் சங்கிலி இறுகியதா, காஸ் சிலிண்டரில் காற்றுப் போய்விட்டதா, கொழுவியிருந்த ஸ்பிண்டிலை யாராவது பெரிதாக மாற்றினார்களா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதைச் செய்துவிட்டு எனக்குச் சொல்லாமல் இருந்தவர்கள் மூன்று பேர்.

அடுத்தது பிரேக். மோட்டருக்குள் இருக்கிற பிரேக் கரண்ட் கொடுத்தால்தான் விடும், பெரும்பாலும் 24 வோல்ட் நேர்மின், பழைய மோட்டர் சிலதில் 90. சேர்வோ பிடிக்கும்போது "டிக்" என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மோட்டர் பிரேக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு ஓடுகிறது. வோல்ட்டை பவர் சப்ளையில் அளந்து 24 இருக்கிறது என்று திருப்திப்பட வேண்டாம். மோட்டர் கனெக்டரில், கொழுவிய நிலையில், பிரேக் இழுக்கும்போது அளவுங்கள். மெல்லிய நீள வயரில் 24 போய்ச் சேரும்போது 19 ஆகியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அரைகுறையாக விடுகிற பிரேக் மிகக் கெட்டது, ஓடும், ஆனால் தேய்த்துக்கொண்டு ஓடும், சத்தமில்லாமல் சூடு ஏறும்.

றவுட்டரில் வை அச்சுக்கு இரண்டு பக்கமும் மோட்டர். ஒன்று மட்டும் எப்போதும் ஓவர்லோட். அந்த மோட்டரை மாற்றலாமா?

மாற்றினாலும் அதே பக்கம் திரும்ப வரும். இரண்டு மோட்டரும் மேசைக்குக் குறுக்கே நிற்கிற ஒரே பாலத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கின்றன. பாலம் ஒரு மில்லிமீற்றர் கோணலாக நின்றால் ஒன்று முன்னுக்கும் மற்றது பின்னுக்கும் இழுத்து ஒன்றோடொன்று சண்டை. நிற்கும்போதே இரண்டிலும் லோட் இருக்கும், ஒன்றில் கூட்டல் மற்றதில் கழித்தல். அதுதான் அடையாளம்.

மெயினை நிறுத்தி, பாலத்தைக் கையால் தள்ளி இரண்டு முனையும் நிறுத்துக்கட்டையில் சமமாக முட்ட விட்டு, பிறகு போடுங்கள். லோட் விழுந்தால் காரணம் அதுதான். பிறகு ஹோம் சென்சர் இரண்டையும் பாருங்கள், ஒன்றில் மரத்தூள் ஏறி முந்தியோ பிந்தியோ பிடிக்கும். மூலைவிட்டம் இரண்டையும் அளந்து சமமா என்று பார்ப்பது பழைய தச்சன் வேலை, அதையேதான் இங்கேயும் செய்ய வேண்டும். ஒரு பக்கத்து பினியன் (சின்னப் பற்சக்கரம்) திருகு இளகி ராக்கில் (பற்சட்டத்தில்) ஒரு பல் தாண்டியிருந்தாலும் இதே கோணல்தான்.

மெல்லிய செதுக்கல்தான், மரத்தில் பாரமே இல்லை. ஆனாலும் இரண்டு மணித்தியாலத்தில் இசட் ஓவர்லோட். இது எப்படி?

நல்ல கேள்வி, இதில்தான் கனபேர் ஏமாறுகிறார்கள். பிள்ளையார், மயில், கும்பம் என்று மேடுபள்ளமாகச் செதுக்குகிற புரோகிராம் இலட்சக்கணக்கான குட்டிக் கோடுகளால் ஆனது. ஒவ்வொரு கோட்டிலும் இசட் மேலே, கீழே, மேலே, கீழே. வெட்டுவதற்குச் சக்தி தேவையில்லை, அந்தப் பாரமான தலையை விநாடிக்குப் பலமுறை தூக்கி நிறுத்தித் திருப்பி இறக்கத்தான் கரண்ட் முழுதும் போகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் உச்சக் கரண்ட். இடையில் ஓய்வு இல்லை. கரண்டின் இருமடி என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இங்கேதான் கடிக்கிறது.

ஃபீடை, அதாவது கட்டர் நகர்கிற வேகத்தை, குறைத்தால் பலர் நினைக்கிற அளவு பலன் வராது. முடுக்கத்தைக் குறையுங்கள், இசட் அச்சுக்கு மட்டும் தனியாகக் குறைக்க முடிந்தால் இன்னும் நல்லம். கன்ட்ரோலரில் பாதையை மழுப்புகிற வசதி இருந்தால் போடுங்கள். செதுக்குகிற திசையை மாற்றிப் பாருங்கள், மயில் தோகையை நெடுக்காக ஓடினால் இசட் ஏறி இறங்குகிற தரம் பாதியாகலாம். கதவொன்று முடிய இருபது நிமிடம் கூடும். பரவாயில்லை, வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரர் ஆடிக்குத்தான் வருகிறார்.

கேபிளை எப்படிச் சோதிப்பது?

இதில் நான் காசு கொடுத்துப் படித்தேன். ஆரம்ப காலத்தில் ஒரு மில்லிங் மெசினில் வை மோட்டர் உறுமல், அதிர்வு, ஓவர்லோட். மீற்றரில் மூன்று பேசும் சமம் என்று கண்டு, மோட்டர்தான் என்று முடிவுகட்டி, கொழும்பில் ஒரு பழைய மோட்டர் எடுத்து இரவு பஸ்ஸில் இறக்கிப் பூட்டினேன். பிழை அப்படியே. பிறகு பார்த்தால் கேபிள் செயினுக்குள் ஒரு வயர் தோலுக்குள்ளேயே முறிந்து, மேசை நடுவில் நிற்கும்போது தொட்டும் ஓரத்துக்குப் போனால் விட்டும் இருந்தது. நான் அளந்தது மேசை நடுவில் நிற்கும்போது.

ஆகவே கேபிளை ஆட்டிக்கொண்டே அளவுங்கள், அச்சைப் பல இடத்தில் நிறுத்தி அளவுங்கள். சுருளின் எதிர்ப்பு ஒரு ஓம், இரண்டு ஓம் அளவில்தான் இருக்கும், மீற்றர் வயரின் எதிர்ப்பே அதில் கலந்துவிடும். இலக்கம் என்ன என்பதைவிட மூன்று சோடியும் சமமா என்பதே முக்கியம்.

நிலத்துக்கு ஒழுக்குப் பார்ப்பதற்கு 500 வோல்ட் மெகர், இன்சுலேஷன் அளக்கிற மீற்றர். மோட்டர் கேபிளை ட்ரைவில் இருந்து முழுதாகக் கழற்றிய பிறகுதான், மறந்தால் ட்ரைவ் அந்த இடத்திலேயே போகும், என்கோடர் பின்னிலும் வைக்கக்கூடாது. 100 மெகாஓமுக்கு மேல் என்றால் நல்லம். 10 முதல் 100 வரை மூப்புத் தொடங்கிவிட்டது, கவனியுங்கள். 10க்குக் கீழே என்றால் நிலைமை மோசம், 1க்குக் கீழே என்றால் மோட்டரை மாற்ற வேண்டும். கூலன்ட் கனெக்டருக்குள் போயிருந்தால் காயவைத்துத் துடைத்ததும் இலக்கம் ஏறிவிடும், அவசரப்பட்டு மோட்டரைத் தூக்கி எறியாமல் முதலில் அதைச் செய்யுங்கள்.

வோல்ட் குறைவு, ஜெனரேட்டர், இதெல்லாம் காரணமாகுமா?

நேரடியாக ஓவர்லோட் வருவது குறைவு. வோல்ட் குறைந்தால் ட்ரைவ் குறைவோல்ட் என்றே தனி அலாரம் தரும், அல்லது ஜீ0 என்கிற, வெட்டாமல் நகர்கிற முழு வேகத்தில் மோட்டருக்குப் பலம் போதாமல் 411 போல ஒன்று வரும். 2022இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களில் ஜெனரேட்டரில் ஓட்டிய எல்லாருக்கும் இது தெரியும்.

ஆனால் ஒன்று பாருங்கள். எங்களுடையது மூன்று பேஸ் 400 வோல்ட், யப்பான் மெசின் கேட்பது 200. இடையில் ஒரு டிரான்ஸ்போமர் இருக்கும், அதைப் பூட்டிய அன்றைக்குப் பிறகு ஒருவரும் திறந்திருக்க மாட்டார்கள். இளகிய திருகு, கறுத்த முனை, ஒரு பேஸ் குறைவு, எல்லாம் அதற்குள் இருக்கும். வருசத்துக்கு ஒருமுறை இறுக்குங்கள்.

பராமீற்றரில் எல்லையைக் கூட்டிவிட்டால்?

முடியும். பராமீற்றர் என்றால் மெசினுக்குள் எழுதிவைத்த அமைப்பு இலக்கம். ஃபனக்கில் 2062, 2063, 2065 அந்தச் சூட்டுக் கணக்குக்கு உரியவை. கூட்டுவது வீட்டில் அடிக்கடி விழுகிற பியூசுக்குப் பதிலாகக் கம்பி கட்டுவது போல. செய்து தரமாட்டேன்.

ஆனால் அந்தப் பராமீற்றர் பிழையாக இருக்கிறதா என்று பார்ப்பது வேறு விடயம். பற்றரி செத்துப் பராமீற்றர் அழிந்து, யாரோ கையால் திரும்ப ஏற்றிய மெசின்களில் 2020இல் இருக்கிற மோட்டர் இலக்கம் வேறு மோட்டருக்கு உரியதாக இருந்ததைக் கண்டிருக்கிறேன். சின்ன மோட்டரின் கணக்கைப் பெரிய மோட்டருக்குப் போட்டால் காரணமில்லாமல் அலாரம் வரும், மாறிப் போட்டால் அலாரமே வராமல் மோட்டர் எரியும். பெயர்த்தகட்டைப் பார்த்து ஒப்பிடுங்கள். கெயின், அதாவது ட்ரைவ் இடப் பிழையைத் திருத்துகிற விறைப்பு, கூட்டிவைத்து அச்சு நின்ற இடத்தில் "ங்ங்ங்" என்று இரைந்தால் அதுவும் சூடாக்கும், கொஞ்சம் இறக்குங்கள்.

எங்கள் ஊர்க் காலநிலைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது. சோளகம் வீசத் தொடங்கினால் வலிகாமத்துச் செம்மண் பட்டறைக்குள்ளே வந்து ட்ரைவ் காற்றாடியில் படிந்துவிடும், வழுக்கியில் ஒயிலோடு சேர்ந்தால் அரைக்கிற பசை. மார்கழிப் பனியில் காலமை வார்ப்பிரும்பு வியர்த்து நிற்கும், கடற்கரைப் பக்கம் என்றால் உப்பும் சேர்ந்து ஒரு கிழமை ஓடாத மெசினில் ஸ்க்ரூ துருப்பிடிக்கும். தைப்பொங்கல் லீவு முடிந்து வருகிற அலாரங்கள் இதுதான். முதல் பத்து நிமிடம் மெதுவாக முழு ஓட்டத்துக்கும் அங்கும் இங்கும் ஓட்டிவிட்டு வேலை தொடங்குங்கள்.

கூலன்டுக்குக் கிணற்றுத் தண்ணியை அப்படியே ஊற்றாதீர்கள். சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணி, சவர்க்காரமே சரியாக நுரைக்காது. கூலன்டோடு சேர்ந்து வெள்ளைப் பசையாகத் தகட்டு மூடிகளுக்கு இடையில் படிந்து, மூடியையே அச்சு இழுக்க வேண்டிய நிலை வரும். மழைத்தண்ணி பிடித்து வையுங்கள், அல்லது வடிகட்டிய குடிதண்ணி வாங்குங்கள்.

பழைய மோட்டர் வாங்கிப் போடலாமா?

வேறு வழி இல்லாவிட்டால் போடலாம். பெயர்த்தகட்டின் முழு இலக்கமும், கடைசி எழுத்து வரை, ஒன்றாக இருக்க வேண்டும். பிரேக் உள்ளதா, என்கோடர் எது என்பதெல்லாம் அந்தக் கடைசி எழுத்துகளில்தான். மோட்டர் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், மெகர் பிடியுங்கள். அடித்துக் கழற்றிய காயம் தண்டில் இருந்தால் விலையைக் கேட்காமலே வந்துவிடுங்கள், அந்த அடி என்கோடருக்கும் போயிருக்கும்.

உங்களைக் கூப்பிட முன் என்ன செய்து வைக்க வேண்டும்?

அலாரத் திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள், ட்ரைவின் சின்னத் திரையையும் சேர்த்து. அதைவிட எனக்கு உதவுவது, லோட் மீற்றர் பக்கத்தைத் திறந்து வைத்து, கட்டர் இல்லாமல் அந்த அச்சை இந்த முனையில் இருந்து அந்த முனை வரை மெதுவாக ஓட்டி எடுத்த ஒரு நிமிட வீடியோ. பின்னால் பாட்டை நிறுத்திவிட்டு எடுங்கள், மோட்டர் சத்தம் கேட்க வேண்டும். அலாரத்துக்கு முதல் நாள் மெசினில் என்ன மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள். "ஒண்டும் மாத்தேல்ல அண்ணை" என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள், கட்டர் மாற்றியது, ஒயில் விட்டது, மெசினை ஓரமாகத் தள்ளி வைத்தது, இதெல்லாம் மாற்றம்தான், தம்பி.